அம்மா எழுதிய வீட்டுப்பாடம்

கதிர்காமம்
21.10.2024, திங்கள்

சாத்விகா அம்மாவுக்கு,

வணக்கம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியே போய்விட்டீர்கள். காலையில் சாத்விகாவைப் பக்கத்து வீட்டு ஜெயம் அக்காதான் கொண்டுவந்து விடுகிறார். அவரிடம் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. அதனால் இதை எழுதி உங்கள் மகளின் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் வைக்கிறேன். எனக்கு அப்படி ஒரு தைரியம் வந்ததே தப்பு, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜூலை மாதத்திலிருந்து அவளுடைய வீட்டுப்பாட நோட்டில் நட்சத்திரம் போட்டுக்கொண்டு வருகிறேன். வகுப்பில் எழுதச் சொன்னால் பக்கம் வெறுமையாக இருக்கும். கூச்சம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்பு டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டதால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நான்தான் பார்க்கிறேன். மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. யார் எழுதுகிறார்கள், யார் எழுதவில்லை என்று பார்க்கக் கண் எட்டவில்லை. போன வாரம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா எழுதல?" என்று கேட்டேன். "ஊட்ல அம்மா எழுதிடும் டீச்சர்" என்றாள். பயமே இல்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்பதுபோலச் சொன்னாள்.

கூட்டத்தில் அந்த நோட்டைக் காட்டி உங்களைக் கேட்டேன். "என் பொண்ணுதான் எழுதனா" என்றீர்கள். அவள் உங்கள் பக்கத்திலேயே நின்றாள். உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இன்று காலை பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" கூடச் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளைதான் "வந்திருக்கா டீச்சர்" என்றது.

எனக்கு இது நல்லதாகப் படவில்லை. ஒரு நாள் வந்து பேசுங்கள்.

அமுதவல்லி
இரண்டாம் வகுப்பு (ஒன்றாம் வகுப்பும்)


கதிர்காமம்
23.10.2024

டீச்சருக்கு,

வரமாட்டேன்.

கூட்டத்தில் நீங்கள் பேசியதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எழுதுகிறேன். "அடுத்த மாசத்துலேர்ந்து நீங்களே யூனிஃபார்ம் போட்டுக்கினு வந்து பெஞ்ச்ல உக்காந்துடுங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த கலைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அந்த பெஞ்சில் மறுபடி உட்கார எனக்கு ஆசை இல்லை.

ஆமாம், நான்தான் எழுதினேன். இடது கையால் எழுதினேன், சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கட்டும் என்று. இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் மாத்திரை கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், எடுக்காததற்கு அது ஒரு காரணம். கோபம் இன்னொரு காரணம். சாயங்கால ஷிப்ட் முடிந்து நான் வீடு வரும்போது பிள்ளை ஜெயம் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். தோளில் தூக்கி வந்து படுக்கவைத்து நோட்டைப் பிரித்தால் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதாமல் அனுப்பினால் நீங்கள் சிவப்பு மையில் "வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்று எழுதுவீர்கள். அவர் அதைப் பார்த்தால், "ஒரே ஒரு புள்ள, அதக்கூட பாத்துக்க முடியலன்னா நீ இன்னாதான் பண்ற?" என்பார். லோடு வண்டி ஓட்டுகிற மனுஷன், வாரத்தில் பாதி நாள் சென்னை ரோட்டில் இருப்பவர். பார்க்கிற ஒரே பக்கம் அந்தச் சிவப்பு மைப் பக்கம்தான்.

தூங்குகிற பிள்ளையை எழுப்பி எழுத வைப்பதா, நானே எழுதுவதா? நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீங்கள் நட்சத்திரம் போட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல. ஆனால் இருந்தது.

சுமலதா


25.10.2024, வெள்ளி

சாத்விகா அம்மாவுக்கு,

யூனிஃபார்ம் பேச்சு என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது. சபையில் சிரிப்பு வந்தவுடன் எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. மன்னியுங்கள்.

இனிமேல் அவள் நோட்டில் சிவப்பு மை இருக்காது. வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தால் வரட்டும். ஒரு வரி எழுதினாலும் அவள் எழுதியதாக இருக்கட்டும். நீங்கள் மட்டும் எழுதாதீர்கள்.

நேற்று அவள் பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பள்ளி திறந்தபோது வாங்கிய பென்சில் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. ரப்பர் மட்டும் தேய்ந்து வேர்க்கடலை அளவுக்கு ஆகிவிட்டது. பிள்ளைகளிடம் எப்போதும் இது தலைகீழாகத்தான் இருக்கும், ரப்பர் தொலைந்துபோகும், பென்சில் தேய்ந்துபோகும். ஒரு தாளைக் கொடுத்து, "இஷ்டத்துக்கு ஏதாச்சும் எழுது" என்றேன். என்னவோ எழுதினாள். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் போய்த் திரும்புவதற்குள் அழித்துவிட்டாள். தாள் அந்த இடத்தில் ஓட்டையாகி இருந்தது.

யார் அழிக்கச் சொன்னது என்று கேட்டேன். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நீங்களாவது சொல்லுங்கள்.

முடிந்தால் தினமும் பத்து நிமிஷம் அவளோடு உட்காருங்கள்.

அமுதவல்லி


4.11.2024

டீச்சருக்கு,

பத்து நிமிஷம் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்து நிமிஷம் நடக்கச் சொல்கிறார். கம்பெனியில் சூப்பர்வைசர் பத்து நிமிஷம் முன்னால் வரச் சொல்கிறார். எல்லாருக்கும் கொடுக்க என்னிடம் அவ்வளவு பத்து நிமிஷம் இல்லை. தீபாவளிக்கு மறுநாளே டியூட்டி.

ரப்பர் விஷயம் கேட்டீர்கள். இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். அழிக்கச் சொன்னது நான்தான்.

என் வேலையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். கீழே வெளிச்சம் இருக்கும். ஒரு குழியில் மாத்திரை இல்லை, ஒன்று உடைந்திருக்கிறது, ஓரம் கோணலாக வெட்டியிருக்கிறது என்றால் கையில் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான். நல்லதைப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கோணல் மட்டும்தான் கண்ணில் படவேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் போகமாட்டேன் என்கிறது. சப்பாத்தி கோணலாக வந்தால்கூடத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.

பள்ளி திறந்த புதிதில் நான் அவளோடு உட்காராமல் இல்லை. காலை ஷிப்ட் இருந்த வாரமெல்லாம் உட்கார்ந்தேன். வளைவு சரியில்லை, அழி. கால் கோட்டுக்கு வெளியே போகுது, அழி. ஒரு வரி முடிவதற்குள் தாள் கிழிந்துவிடும். ஒரு நாள் பென்சிலை என் கையில் கொடுத்து, "நீயே எழுதும்மா, நீதான் நல்லா எழுதுவ" என்றாள். நானும் வாங்கி எழுதிவிட்டேன். இடுப்பு வலியில் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி ஆரம்பித்ததுதான் இது.

இப்போது அவர் வேறு, "கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டதே தப்பு, வர்ற ஜூன்ல பிரைவேட்ல தள்ளிடலாம், இங்கிலீஷாவது வரும்" என்கிறார். இங்கேயே வாய் திறக்காத பிள்ளை அங்கே போய் என்ன ஆகும்?

கூட்டத்தில் நான் பொய் சொன்னதைப் பற்றி அவள் என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது விட்டிருப்பேன். கேட்காமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

சுமலதா


6.11.2024

சுமலதாவுக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு "சாத்விகா அம்மா" என்று எழுதக் கை வரவில்லை.

பத்து நிமிஷம் என்று நான் எழுதியது என் பயிற்சி வகுப்பில் எனக்குச் சொன்னது. அதை அப்படியே உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். என் கதையைக் கேளுங்கள். என் பையன் நாலாவது படிக்கிறான், தனியார் பள்ளியில். அன்றைக்குக் கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவனுக்கு மழைநீர் சேகரிப்பு வீடு ஒன்றைத் தெர்மாகோலில் செய்தேன். அவன் செல்லில் விளையாடிக்கொண்டிருந்தான், நான் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். உங்களை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்டேனே, அப்போது அந்தப் பசை என் விரலில் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் பள்ளியில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆகவே அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு காரியம்தான். ஒன்று, ரப்பர் வாங்கித் தராதீர்கள். தப்பாக எழுதினால் பக்கத்தில் இன்னொரு முறை எழுதட்டும், பழையது அப்படியே இருக்கட்டும். இரண்டு, நீங்கள் ஒன்றும் சொல்லித் தர வேண்டாம். வேலை முடிந்து வந்து படுத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். தெரியாத இடத்தில் படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை விட்டால் விடட்டும். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். திருத்துவது என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் பொய்யை மட்டும் நீங்களே அவளிடம் ஒப்புக்கொண்டுவிடுங்கள். அதை நான் செய்ய முடியாது.

அமுதவல்லி


9.12.2024

டீச்சருக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே இருந்த புத்தகப் பை ஊறிப்போய்ப் புத்தகமெல்லாம் உப்பிவிட்டது. கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். பள்ளி லீவு, எனக்கும் கம்பெனி லீவு. இந்தப் பிள்ளையோடு நான் பகல் முழுக்க வீட்டில் இருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

காய்ந்த பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப்பாட நோட்டு கைக்கு வந்தது. இதை விட்டால் நேரம் வராது என்று சொல்லிவிட்டேன். "பாப்பா, இத எழுதனது நான்தான். அன்னிக்கு டீச்சர்கிட்ட நீ எழுதனன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு, "நீ ஏம்மா டீச்சர பாத்து பயந்த?" என்று கேட்டாள்.

"திட்டுவாங்கன்னுதான்."

"என்னையும்தான் திட்டுவாங்க. நான் அழிச்சிடுவேன். அப்ப ஒண்ணும் இருக்காது இல்ல, எத பாத்து திட்டுவாங்க?"

டீச்சர், நான் அதைக் கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்று அழுதேன். அவளுக்குத் தெரியாமல்தான். என் மகள் முட்டாள் இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் எதற்குப் போயிருக்கிறது பாருங்கள்.

ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவள் எழுதும்போது என் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டாவது காரியம்தான் எனக்கு வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அன்று, சாயங்காலம் படுத்துக்கொண்டே படிக்கச் சொன்னேன். உப்பிப்போன புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள். இரண்டு தடவை "அப்புறம்?" கேட்டேன். மூன்றாவது தடவைக்கு நான் இல்லை, தூங்கிவிட்டேன். பொளேரென்று கன்னத்தில் ஒரு அறை. "நான் படிக்கறப்ப தூங்கற இல்ல? போ, இனிமே படிக்கவே மாட்டேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். அதிலிருந்து கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பதுதான் வேலை, அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

சுமலதா


12.12.2024, வியாழன்

சுமலதாவுக்கு,

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் கொண்டு வராத ஒரு பையனை நிற்க வைத்திருந்தேன். எனக்கு ஜுரம், நின்றுகொண்டே கத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்கம்மா தூங்கியிருப்பாங்க டீச்சர், உட்டுடுங்க." திரும்பிப் பார்த்தால் உங்கள் மகள். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் இந்த வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்தப் பையனை உட்காரச் சொல்லிவிட்டு நானும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் கேட்கவேண்டும் என்று அவளுக்கு இருக்கிறது, அதனால்தான் அறைந்தாள். யாரும் பார்க்கவேண்டாம், கேட்கவேண்டாம் என்று இருந்த பிள்ளைதானே இதுவரை அழித்துக்கொண்டிருந்தது. மறுபடி படுத்துக்கொள்ளுங்கள். தூங்கினால் தூங்குங்கள், அவள் எழுப்பட்டும்.

ஆனால் உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். அவள் பின்தங்கித்தான் இருக்கிறாள். இன்று மூன்று வார்த்தை எழுதினாள். மற்றப் பிள்ளைகள் அரைப் பக்கம் எழுதுகிறார்கள். அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் குவிந்திருக்கின்றன, வாக்காளர் பட்டியல் வேலையும் என் தலையில்தான். அவளுக்கென்று நான் ஒதுக்குகிற நேரம் மதியச் சாப்பாட்டு நேரத்தின் கடைசிக் கொஞ்சம். இவ்வளவுதான் என்னால் முடிகிறது. ஜூனுக்குள் உங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டுகிற அளவுக்கு அவள் படித்துவிடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வார்த்தையும் கோணல்தான். அழிக்கவில்லை.

அமுதவல்லி


20.1.2025, திங்கள்

சுமலதாவுக்கு,

பொங்கல் லீவு முடிந்து வந்தவள் வந்த வேகத்தில் என்னிடம் ஒரு புகார் சொன்னாள். "அம்மா கதைல மாடு பேர கேட்டுச்சி டீச்சர். புக்ல பேரே போடல. நானே வச்சிட்டேன்." என்ன பேர் என்று கேட்டேன். கரும்பலகையில் வந்து எழுதிக் காட்டினாள். எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது படிக்க. அது உங்கள் சூப்பர்வைசர் பெயராம்.

இந்த மாதம் கூட்டம் இல்லை. பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை இருக்கிறது. வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. தேதியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அமுதவல்லி


2.2.2025, ஞாயிறு

டீச்சருக்கு,

நாராயணசாமி என்பது எங்கள் சூப்பர்வைசர் பெயர்தான். மாட்டுக்கு அதை வைத்தது கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும், தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

இன்று காலைதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். சமைத்து, சாப்பிட்டு, துணி அலசிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் எழுதுவதையே பார்க்கிறாள். உங்கள் கடிதங்களை இப்போதெல்லாம் பையில் விட்டு வைக்க முடிவதில்லை, எடுத்து எழுத்துக்கூட்டிப் பார்க்கிறாள். அரிசி டப்பா, கதவு, ஜெயம் அக்கா வீட்டுச் சுவர் என்று எல்லா இடத்திலும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள். அக்காவிடம் நான்தான் பேச்சு வாங்குகிறேன்.

போன வாரம் அவர் வந்திருந்தார். மறுபடி பிரைவேட் ஸ்கூல் பேச்சு. நான் வாதாடவில்லை, எனக்குத் தெம்பில்லை. அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது இவள் பின்னால் போய் நின்று, வண்டியில் எழுதியிருப்பதை விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்தாள். நடுவில் தடுமாறி முதலிலிருந்து வந்தாள். அவர் பைப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், தண்ணீர் பாட்டுக்குத் தரையில் ஓடுகிறது. அவரே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு. கொடுக்கவில்லை. முடித்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றார். சாயங்காலம் என்னிடம், "சரி, இன்னும் ஒரு வருசம் அங்கியே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அதுவே போதும்.

எட்டாம் தேதி எனக்குக் காலை ஷிப்ட். மாற்றிக் கேட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு வருகிறேன். கலைவாணி இருந்தாலும் வருகிறேன். வந்து, எல்லார் எதிரிலும், சாத்விகாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அந்த நோட்டில் எழுதியது நான்தான் என்று

டீச்சர் அம்மா தூங்கிடுச்சி
நயிட் சிப்டு
நான் எழுப்பல
மீதிய நான் எழுதறன்
அம்மா சனிகிழம வரும் நானும் வருவன்
பேனாவ மூடி வச்சிட்டன்
சாத்விகா